மாற்றிப் படித்த கடைசி ஏழு பக்கங்கள்

அக்கா,

புதுச்சத்திரத்துக் கடைக்காரர் பழைய காகிதம் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். யுத்தம் வந்த பிறகு புளி மடிக்கக்கூடக் காகிதம் கிடைப்பதில்லையாம். அம்மா பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கி என் முன்னால் போட்டாள். "படிச்சுக் கிழிச்சது போதும். பிரிச்சு அடுக்கிக் குடு" என்றாள்.

கட்டின் நடுவில் அந்தப் புத்தகம் இருந்தது. அட்டை இல்லாத புத்தகம். விரித்ததும் நிலக்கடலைப் பருப்பின் செந்தோல் மடியில் உதிர்ந்தது. நசுங்கி, காய்ந்து, நிறம் மட்டும் போகாமல். கடைசிப் பக்கங்களுக்கு நடுவே ஒரு தபால் கார்டு இருந்தது. ஒரு பக்கத்தில் என் கையெழுத்தில் உங்கள் அண்ணன் பெயரும் மல்லசமுத்திரம் விலாசமும். மறுபக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை.

அந்தக் கார்டில் என்ன எழுதவேண்டும் என்று நீங்கள் சொன்னது எனக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. அதை அன்றைக்கு எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். நான் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மூன்று நாளாக இந்தக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. நாமக்கல் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரோடு மல்லுக்கு நின்று ஐந்தாம் பாரத்தோடு வெளியே வந்தேன். சேலத்துக்கு ஓடிப்போய் ஓர் அச்சாபீசில் இரண்டு மாதம் காகிதம் மடித்தேன். அங்கேயும் நிலைக்கவில்லை. திரும்பி வருகிற வழியில் பழைய சாமான் குவியலில் இந்தப் புத்தகத்தைப் பொறுக்கினேன். ஊருக்கு நான் கொண்டுவந்த சம்பாத்தியம் அது ஒன்றுதான்.

வைகாசி முடிகிற சமயம். விதைக்கடலை உரிக்கிற வேலை எங்கள் வாசலில் நடந்துகொண்டிருந்தது. மழை விழுவதற்குள் உரித்தாகவேண்டும். விதைக்கு என்பதால் தடி கொண்டு அடிக்கக்கூடாது, பருப்பு பிளந்துவிடும். ஒவ்வொரு காயாக விரலால் நசுக்கித்தான் எடுக்கவேண்டும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வேப்பமரத்து நிழலில் காய்க் குவியலைச் சுற்றி உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அதே வேலை. ஆளுக்கு எதிரில் இரண்டு முறம். ஒன்றில் பருப்பு, ஒன்றில் தொப்பை என்கிற வெறும் ஓடு. வேலை சலித்தால் பேச்சு வரும்; பேச்சு வந்தால் கை வாய்க்குப் போகும்; விதை குறையும். அம்மாவுக்கு அதுதான் கவலை.

"சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு, அந்தப் பொஸ்தகத்தையாச்சும் சத்தமாப் படிடா. இதுங்க வாய் மூடட்டும்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கேட்க உட்கார்ந்தவர்கள் ஏழெட்டுப் பேர். பக்கத்துத் தோட்டத்துப் பழனிப் பெரியப்பா வேலைக்கு வரவில்லை, பொடி போட்டுக்கொண்டு குறை சொல்ல வந்தார். உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற பாவாயி இருந்தாள். உங்கள் வீட்டு விதையும் எங்கள் வாசலிலேயே உரிபட்டதால் நீங்களும் வந்தீர்கள். அம்மா பிறந்த ஊர்க்காரி நீங்கள். தெற்கே கால் மைலில் இருக்கிற தோட்டத்துக்கு வாழ வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. வருவீர்கள், மூலையில் உட்காருவீர்கள், எல்லோரையும்விட வேகமாக உரிப்பீர்கள். பேசமாட்டீர்கள்.

கதை இதுதான். மலைமேல் ஒரு பங்களா. சுற்றிலும் காடு. கமலம் என்கிற பெண் அங்கே வாழ்க்கைப்பட்டு வருகிறாள். வீட்டில் புருஷனும் அவன் அக்காவும், ஒரு வேலைக்காரியும். கமலம் பூட்டி வைத்த பெட்டி திறந்து கிடக்கிறது. அணைத்துவிட்டுப் போன விளக்கு எரிகிறது. இடுப்பில் செருகிய சாவி அரிசிப்பானைக்குள் கிடக்கிறது. "நீதான் செய்தாய், மறந்துவிட்டாய்" என்கிறார்கள். நாத்தனார் வைகிறாள். புருஷன் தலையைத் தடவிக்கொடுக்கிறான். வைத்தியர் வந்து மருந்து தருகிறார். கமலத்துக்குத் தன் கையின் மேலேயே சந்தேகம் வருகிறது.

எழுதினவர் பட்டணத்து ஆளாக இருக்கவேண்டும். முதல் அத்தியாயம் முழுக்க அந்த வீடு எத்தனை தனியாக இருக்கிறது என்று சொல்லிப் பயமுறுத்தப் பார்க்கிறார். 'அடுத்த வீடு ஒரு மைலுக்கு அப்பால்! கூவினாலும் கேட்க நாதியில்லை!' என்று நான் குரலைத் தாழ்த்திப் படித்தேன். ஒருத்தரும் அசையவில்லை.

பழனிப் பெரியப்பா பொடியை உறிஞ்சினார். "என்றா இது? அடுத்த ஊடு ஒரு மைலு தள்ளியிருக்குதுன்னு அந்தப் புள்ளைக்கு மேலு நடுங்குதாமா? எம்பட ஊட்டுக்கு அக்கட்டால எவன்டா இருக்கறான்?"

"நாமெல்லாம் தோட்டத்துல தனித்தனியாத்தான இருக்கறோம்" என்றாள் அம்மா. "ஊருக்குள்ள நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கறதுதாம் பயம்."

"கெணறு எங்கிருக்குதுன்னு போட்டிருக்குதா?" என்றார் பெரியப்பா.

"போடலீங்க."

"கெணறு இல்லாத எடத்துல ஊடு கட்டுனவன் கிறுக்கன். அவன வுட்டுப்போட்டு அந்தப் புள்ளையப் போயிக் கிறுக்குன்னா?"

வாசலே சிரித்தது. பாவாயி வாயிலிருந்த பருப்பு தெறித்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு வைதாள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. காயைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, கூவுனா கேக்காதுங்கறது நெசந்தான். மேல படிங்க" என்றீர்கள். அந்த ஏழு வருஷத்தில் நீங்கள் அத்தனை பேர் நடுவில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து பெண்கள் சொல்லாமலே நேரத்துக்கு வந்தார்கள். எல்லோருக்கும் நாத்தனார் மேல்தான் கோபம். அவள் கமலத்தை வைகிற இடம் வந்தால் காய்கள் படபடவென்று நசுங்கும். "அவ கையில கொள்ளி வெக்க" என்று ஒருத்தி. "அவளுக்கும் ஒரு நாத்தி வாச்சிருக்கோணும்" என்று இன்னொருத்தி. சாவி அரிசிப்பானையிலிருந்து வருகிற இடத்தில் ஏழு ஜோடி கையும் நின்றுபோனது. அம்மாவே நின்றுபோனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை ஒரு வரி படிக்கவிடாத உலகம், இங்கே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஏற்கெனவே கதையைக் கடைசிவரை படித்துவிட்டேன். முடிவு என் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்தக் கர்வத்தில் மூன்றாம் நாள் ஒரு சவால் விட்டேன்.

"யாரு செஞ்சதுன்னு உங்கள்ல ஒருத்தருஞ் சொல்ல முடியாது. சொல்லிட்டா எம்மீசைய எடுத்தறேன்."

பெரியப்பா என் முகத்தைத் தேடிப் பார்த்தார். "எங்கடா மீசெ?"

உண்மைதான். அந்த மீசையில் மொத்தம் இருபது மயிர் இருந்திருக்காது. சிரிப்பு அடங்கியதும் நீங்கள் தலையை நிமிர்த்தாமல் சொன்னீர்கள்:

"புருஷன்."

எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள்.

"அவெ பாவம், தங்கமாட்டம் பாத்துக்கறானே சாமி" என்றாள் அம்மா.

"வையறவங்க செய்யமாட்டாங்க அத்தை. வஞ்சாலே அவங்க சினம் தீந்துரும். தலையத் தடவிக் குடுக்கறவந்தான் செய்வான்."

நீங்கள் சொன்னது அச்சு அசல். அந்தப் புத்தகத்தில் நாத்தனார்தான் கடைசியில் கமலத்தைக் காப்பாற்றுகிறாள். எல்லாவற்றையும் செய்தவன் புருஷன். வேலைக்காரியை ஏவி, சாவியை எடுக்க வைத்து, விளக்கை ஏற்ற வைத்து, வேறொருத்தியைக் கொண்டுவர வழி பண்ணிக்கொண்டிருந்தவன் அவன். நூற்றெண்பது பக்கம் போய் எழுதினவர் அவிழ்க்கிற முடிச்சை நீங்கள் அறுபதாம் பக்கத்தில் கடலைக்காயைப் போல நசுக்கிவிட்டீர்கள்.

"பாக்கலாம், பாக்கலாம்" என்று புத்தகத்தை மூடினேன். அப்போது பாவாயியின் கையும் நின்றிருந்ததைப் பார்த்தேன். கதையில் ஊறிப்போய்விட்டாள் என்று நினைத்தேன். எத்தனை பெரிய மடையன்!

அன்று பொழுது சாய எங்கள் தொட்டியில் கை கழுவும்போது என்னைக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, எருதுக ரெண்டையும் கட்டுத்தறியில நாந்தான் கட்டுனேன். வெடியால எந்திரிச்சுப் பாத்தா சோளக்காட்டுல மேயுது. மூணு தடவ ஆயிப்போச்சு. நானே அவுத்து உட்டுட்டு மறந்துட்டேங்கறாங்க. மாமியா கிறுக்கச்சிங்குது. அவுரு ஒண்ணுஞ் சொல்றதில்ல. தலையத் தடவறாரு. மாரியாத்தா கோயலுப் பூசாரிகிட்டக் கூட்டிக்கிட்டுப் போறாரு."

"அப்ப நீங்களும் கமலம் ஆயிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "அதான் தம்பி கேக்கறேன். நாம் பட்டுக்கிட்டிருக்கறத எவனோ ஒருத்தன் அச்சுப் போட்டிருக்கறானே, தெரியாமயா போட்டிருப்பான்?" என்றீர்கள். முந்தானையிலிருந்து கார்டை எடுத்தீர்கள். சந்தைக்குப் போன யாரிடமோ சொல்லி வாங்கி வைத்தது. "எங்கண்ணனுக்கு எழுதோணும். 'எருத நாந்தான் கட்டுனேன். எனக்கு நல்லா நெனப்பிருக்குது. வந்து கேளு அண்ணா.' இத்தன போதும்."

விலாசத்தை அங்கேயே நின்றபடி எழுதினேன். மறுபக்கம் திருப்பும்போது என் கையைத் தடுத்தீர்கள்.

"கதெ என்னிக்கு முடியுது?"

"இன்னும் ஆறு நாள்ல."

"முடிவக் கேட்டுப்போட்டு எழுதிக்கலாம். அந்தப் புள்ள சொன்னது நெசமா இருந்தா எழுதுங்க. கிறுக்கா இருந்தா வேண்டாம். அண்ணன் இருக்கற வேலைய வுட்டுப்போட்டு வந்து நின்னுச்சுன்னா, நாம் பொய்யின்னு ஆயிப்போனா, அது தாங்காது."

அக்கா, அச்சாபீசில் காகிதம் மடித்தவன் நான். அச்சில் வருவதெல்லாம் எந்த லட்சணத்தில் வருகிறது என்று கண்ணால் பார்த்தவன். அது வெறும் கதை, உங்கள் கட்டுத்தறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கார்டை இப்போதே எழுதிப் போடுவோம் என்று சொல்லியிருக்கலாம். என் மண்டையில் அப்போது ஓடியது மீசை.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். ஊருக்கே பாதி தெரியும். பிள்ளை இல்லை என்று இன்னொரு பெண் பார்க்கிற பேச்சு வந்தபோது, உங்கள் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து, நீங்கள் இருக்கிறவரை இன்னொருத்தியைக் கொண்டுவருவதில்லை என்று கோயில் வாசலில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உங்கள் வீட்டுக்காரரிடம் வாக்கு வாங்கியிருந்தார். புத்தி பேதலித்தவள் என்று ஊர் ஒப்புக்கொண்டால் அந்த வாக்கு செல்லாது. இரண்டும் இரண்டும் நான்கு என்று கூட்டிப் பார்க்க ஐந்தாம் பாரம் வேண்டியதில்லை. நான் கூட்டிப் பார்க்கவில்லை.

கடைசி நாள். வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். நீங்கள் மூலையை விட்டு முன்னால் வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்தீர்கள். கடைசி ஏழு பக்கம் மிச்சம். பெரியப்பா மடியிலிருந்து ஒரு சவரக்கத்தியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். நாவிதரிடம் இரவல் வாங்கி வந்திருக்கிறார்! வாசல் அதிர்ந்தது.

நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தேன். எழுத்தின் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே இல்லாததைப் படித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது, அங்கே படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்.

கமலமே தூக்கத்தில் எழுந்து எல்லாவற்றையும் செய்தாள் என்று படித்தேன். விளக்கை ஏற்றியது அவள். சாவியை ஒளித்தது அவள். மறைந்திருந்து பார்த்த புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான் என்று படித்தேன். 'ஐயோ! என் கையா இதைச் செய்தது!' என்று கமலம் தன் கையையே பார்த்து அலறினாள் என்று படித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எழுதினவர் முடிவைவிட என் முடிவு எடுபட்டது. அம்மா மூக்கைச் சிந்தினாள். "பாவம் அந்த மனுசன், எத்தன பொறும" என்றாள். நாத்தனாருக்குக் கொள்ளி வைத்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெரியப்பா கத்தியை மடக்கிக்கொண்டு, "அடங்கொன்னியா, அவளேவா! நான் இத நெனைக்கலியே!" என்றார். பாவாயி பெருமூச்சு விட்டாள். ஏதோ பாரம் இறங்கினமாதிரி இருந்தது அந்தப் பெருமூச்சு.

நீங்கள் உரித்துக்கொண்டிருந்தீர்கள். முன்னைவிட வேகமாக. அம்மாதான் கவனித்தாள்.

"ஏஞ் சாமி, பருப்பத் தொப்பையில போடறே? தொப்பையப் பருப்புல போடறயே?"

இரண்டு முறமும் மாறிக் கிடந்தன. நீங்கள் உங்கள் கையைப் பார்த்தீர்கள்.

அப்போது நான்தான் சொன்னேன், வேறு யாருமில்லை. "பாத்தீங்களா, அக்காளும் கமலம் ஆயிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். முறத்தைக் கொட்டி, பொறுக்கிப் பிரித்துவைத்துவிட்டு எழுந்தீர்கள். போகும்போது என் பக்கம் குனிந்து, "கார்டு வேண்டாந் தம்பி" என்றீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கார்டை அந்தக் கடைசி ஏழு பக்கங்களுக்கு நடுவே வைத்து மூடினேன். அந்தப் பக்கங்களை இனி யாரும் பார்க்கக்கூடாது.

ஒரு மாதம் கழித்துக் கோயில் வாசலில் ஊர் கூடியது. உங்கள் அண்ணன் வந்திருந்தார். உங்கள் வீட்டுக்காரர் தலை குனிந்து, மெல்லிய குரலில், "நான் என்னத்துங்க சொல்றது, அவளையே கேளுங்க" என்றார். கேட்டார்கள். "எருத அவுத்து உட்டது நீயா கண்ணு?"

"எனக்குத் தெரியாமச் செய்யறனாட்ட இருக்குதுங்க" என்றீர்கள். "நாந்தானுங்க. எங்கை மேல எனக்கு நம்பிக்கெ இல்லீங்க."

உங்கள் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் நின்றேன். இரண்டு எட்டு வைத்திருந்தால் போதும். "அக்கா சொல்லுவது கதையைக் கேட்டு. கதையை மாற்றினவன் நான்" என்று சொல்லியிருந்தால் போதும். ஊர் சிரித்திருக்கும், மீசை போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும். நான் நிற்கிற இடத்திலேயே நின்றேன். உங்களை வண்டியில் ஏற்றி மல்லசமுத்திரத்துக்குக் கூட்டிப்போனார்கள். தை பிறந்ததும் அந்த வீட்டுக்குப் புதுப்பெண் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, விஷக்காய்ச்சல் வந்து நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அம்மா அழுதாள். நான் ராசிபுரம் சந்தைக்குப் போய்விட்டேன்.

இந்த வைகாசியிலும் விதை உரிக்கிறார்கள். கார்டைக் கண்டெடுத்த அன்று மத்தியானம், காகிதக் கட்டைக் கடைக்கு அனுப்பிவிட்டு, இந்தப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். "மறுபடியும் படிக்கறேன்" என்றேன். "முடிவ மட்டும்."

"தெரிஞ்ச முடிவுதானடா" என்றார் பெரியப்பா. அவருக்கு இப்போது கண் சரியில்லை, பொடி மட்டும் குறையவில்லை.

ஏழு பக்கத்தையும் படித்தேன். உள்ளது உள்ளபடி. புருஷன், வேலைக்காரி, சாவி, நாத்தனார், எல்லாம். படித்து முடித்தேன். பெரியப்பாதான் மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு வேற மாதிரியில்ல படிச்சே?"

"ஆமாங்க. பொய்யாப் படிச்சேன்."

"எதுக்குடா?"

"மீசைக்கு."

அவர் என்னை வையவில்லை. வைதிருக்கலாம். "அந்தப் புள்ள அன்னிக்கே சொல்லிருச்சே" என்றார். அப்புறம் பொடி மட்டையை மடியில் செருகிக்கொண்டு, தடியைத் தட்டித் தட்டிப் போய்விட்டார்.

பாவாயி உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நின்றமாதிரியே அவள் கை நின்றிருந்தது. எல்லோரும் போனபிறகு மரத்தடிக்கு வந்து நின்றாள்.

"சாமி, அந்த வேலக்காரி மாதிரித்தாஞ் சாமி நானும்."

"என்ன சொல்றே?"

"எருத அவுத்து உட்டது நாந்தானுங்க. பண்ணாடிதாஞ் சொன்னாரு, அக்கா ஊட்டுக்காரரு. 'அம்மாவுக்குப் பீட புடிச்சிருக்குது பாவாயி, அவ கட்டுன எருத அவளுக்குத் தெரியாம மூணு தடவ அவுத்து உட்டாக் கழிஞ்சிரும், பூசாரி சொல்லியிருக்கறாரு'ன்னாரு. வெளிய சொன்னாப் பலிக்காதுன்னாரு. நல்லதுக்குன்னுதாஞ் சாமி செஞ்சேன். அன்னிக்கு அக்கா 'புருஷன்'னு சொன்னப்ப எனக்குக் குலையே நடுங்கிப்போச்சு. அப்பறம் நீங்க முடிவப் படிச்சீங்களா, அட, அந்தப் புள்ளதான் செஞ்சிருக்குது, பண்ணாடி நல்லவருதான்னு மனசு ஆறிப்போச்சுங்க. இல்லீன்னா அன்னிக்கே அக்காகிட்டச் சொல்லியிருப்பனுங்க. அவங்க கைய அவங்க பாத்தப்பவே சொல்லியிருப்பனுங்க."

தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வாய்ப்பொய்யில் உங்கள் வாயை மட்டும்தான் அடைத்தேன் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அவள் வாயையும் சேர்த்து அடைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரரிடமும் போனேன். வரப்பில் நின்று கேட்டேன், நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மண்வெட்டியை வைத்துவிட்டு, என் தோளில் கையை வைத்து, "பழசெல்லாம் எதுக்குத் தம்பி? உனக்கு மேலுக்குச் சொகமில்லையாட்ட இருக்குது" என்றார். அந்தக் கையின் கனம் இன்னும் தோளில் இருக்கிறது. அக்கா, நீங்கள் ஏழு வருஷம் தாங்கின கை அது. அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது.

மறுநாள் வெடியால நாவிதரிடம் போய் உட்கார்ந்தேன். இப்போது எனக்கு மீசை நன்றாகவே வளர்ந்திருந்தது. எடுத்துவிட்டு வந்ததும் அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"அட எழவே! உங்கப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப மீசைய எடுத்துக்கிட்டு வந்து நிக்கறே! யாருக்குடா எழவு?"

"பந்தயத்துல தோத்துட்டேன்."

"யாருகிட்ட?"

"அக்காகிட்ட."

மல்லசமுத்திரம் போய்வருகிறேன் என்றதும் அம்மா உள்ளே போனாள். சோற்று மூட்டை கட்டிக்கொடுத்தாள். ராசிபுரம்வரை கரி பஸ்; யுத்தம் வந்த பிறகு பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிறது. மேட்டில் ஏறமாட்டேன் என்று அது இரண்டு தடவை நின்றது, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அங்கிருந்து பாதி தூரம் வண்டியிலும் பாதி நடந்துமாக மல்லசமுத்திரம் போய்ச் சேர்ந்தேன். உங்கள் அண்ணன் வீடும் தோட்டத்தில் தனி வீடுதான். உங்களைப் பற்றிப் பேச வந்தேன் என்றதும் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டார். அவரே முதலில் சொன்னார்.

"இங்க வந்தும் மாட்ட அதுதாம் புடிச்சுக் கட்டும் தம்பி. கட்டறப்ப எம்மவளப் பக்கத்துல நிறுத்திக்கும். 'நாங் கட்டுனதப் பாத்தியா கண்ணு? நல்லாப் பாத்துக்கோ'ங்கும். ஒவ்வொரு முடிச்சுக்குஞ் சாட்சி. ஒரு நாளும் எங்க மாடு அவுந்ததில்ல. ஆனாலும் வெடியால எந்திரிச்சு மொதல்ல கட்டுத்தறிக்குத்தான் ஓடும்."

கார்டை எடுத்து நீட்டினேன். வருகிற வழியில், பஸ் நின்ற மேட்டில் உட்கார்ந்து, வெறுமையாக இருந்த பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே தம்பி. நீயே படி."

அவர் மகள் கதவோரம் வந்து நின்றாள். பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். கார்டை வாங்கினேன். அன்றைக்குப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தமாதிரி பிடிக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

"எருத நாந்தான் கட்டுனேன். எனக்கு நல்லா நெனப்பிருக்குது. வந்து கேளு அண்ணா."

"மேல படி."

"அத்தனதானுங்க. அக்கா சொன்னது அத்தனதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மீசை, ஏழு பக்கம், முறம், பாவாயி, கோயில் வாசலில் இரண்டாவது வரிசை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் துண்டை முகத்துக்குக் கொண்டுபோனார், அன்றைக்குப் போலவே. பிறகு, "அந்தக் கூட்டத்துல நான் அதுகிட்ட ஒரு வார்த்த கேக்கலயே தம்பி" என்றார். "வந்து கேளுன்னு இதுல இருக்குது. வந்தேன். கேக்கலயே."

பெண் கதவோரத்திலிருந்து கேட்டாள். "அப்ப அத்தெ கட்டுனது நெசந்தானுங்களா?"

"நெசம்."

"எனக்குத் தெரியும்" என்றாள். "நாந்தான் தெனமும் பாத்தனே."

கார்டை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் பள்ளிக்கூடம் போகிறாளாம். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள்.

யுத்தத்துக்குப் போன பிள்ளைகள் போடுகிற கடிதங்களை எடுத்துக்கொண்டு இப்போது ஊரில் பலபேர் என்னிடம் வருகிறார்கள். படிப்பதற்கு முன்னால் சிலர், "நல்லதாப் படி சாமி" என்கிறார்கள். எழுதியிருக்கிறபடியேதான் படிக்கிறேன். அழுகிறார்கள். வைகிறார்கள். படிக்கும்போது மேலுதட்டில் கை போகிறது. அங்கே ஒன்றும் இல்லை. வளரவிடவில்லை அக்கா.